அந்த 50 மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது?

கேள்வி:

வணக்கம் டாக்டரம்மா. எனக்கு வயது 33. கோயம்புத்தூரில் ஒரு மெஷின் ஷாப்பில், கம்ப்யூட்டர் மெஷினுக்கு அளவு செட் செய்யும் சி.என்.சி. செட்டராக வேலை. கல்யாணமாகி நாலு வருஷம். இரண்டு வயதில் பையன், எங்களோடுதான் படுக்கிறான். எங்களுக்குள் சண்டை சச்சரவு கிடையாது. ஆனால் உறவின்போது மனைவி உச்சக்கட்டம் அடைவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டால் "நல்லாத்தானுங்க இருக்குது" என்பாள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு வீடியோவில் ஜி ஸ்பாட் பற்றிப் பார்த்தேன். வெஜைனாவின் முன்சுவரில் 5 சென்டிமீட்டர் உள்ளே கொட்டைப்பாக்கு அளவில் சொரசொரப்பாக இருக்குமாம். அதைக் கண்டுபிடித்து அழுத்தினால் எந்தப் பெண்ணுக்கும் உச்சக்கட்டம் வருமாம். அன்றிலிருந்து தேடுகிறேன், கிடைக்கவில்லை. அவளுக்கு ஒன்றுக்கு வருவதுபோல் இருக்கிறது என்கிறாள். அப்புறம் இரண்டு நாளைக்கு எரிச்சல் வேறு. போன வாரம் "எனக்குள்ள அப்படி ஒண்ணு இல்லையோ என்னவோ" என்று அழுதுவிட்டாள். நெட்டில் பாதிப்பேர் இருக்கிறது என்கிறார்கள், பாதிப்பேர் கட்டுக்கதை என்கிறார்கள். ஒரு கிளினிக்கில் கேட்டதற்கு ஊசி போட்டு அந்த இடத்தைப் பெரிதாக்கலாம், 45 ஆயிரம் ஆகும் என்றார்கள். நிஜமாகவே அது இருக்கிறதா? ஊசி போடலாமா? நான் புரிந்துகொண்டதைப் படமாக வரைந்து இணைத்திருக்கிறேன். இந்தப் பதிலை அவளிடம் காட்டலாமா என்றும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, ஜி ஸ்பாட் அப்புறம். முதலில் அந்த எரிச்சலைப் பார்ப்போம்.

தேடும் ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் எரிகிறது என்றால், உட்சுவரில் சிராய்ப்பு ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது சிறுநீர்த்தொற்று இருக்க வேண்டும். பெண்ணின் சிறுநீர்க்குழாய் 4 சென்டிமீட்டர் அளவுதான். வெளியே இருக்கும் கிருமி சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேர அந்தத் தூரம் பெரிய தூரமே இல்லை. நீங்கள் ஆறு மாதமாக விரலால் தேய்ப்பதும் சரியாக அந்தக் குழாயை ஒட்டித்தான். உங்கள் தொழில் எனக்குக் கொஞ்சம் தெரியும். என் அண்ணன் பீளமேட்டில் 30 வருஷம் லேத் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு உட்கார்ந்தாலும் நகக்கண்ணில் கருப்புக் கோடு இருக்கும், எந்த சோப்புக்கும் போகாது. விரல் நுனியெல்லாம் பிசிறு கிழித்த தழும்பும் காய்ப்பும். உங்கள் கையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உழைக்கிற கை, குறை சொல்லவில்லை. ஆனால் வெஜைனாவின் உட்சுவர் உதட்டின் உள்பக்கம் மாதிரி மெல்லியது. நகத்தை ஒட்ட வெட்டி, கூலன்ட் போகத் தேய்த்துக் கழுவாத விரல் அங்கே போகக்கூடாது.

நாளைக்கே அவரை அழைத்துப்போய் சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். எரிச்சல் முழுதாக அடங்கும் வரை தேடலுக்கு லீவு. இனிமேல் உறவு முடிந்ததும் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். பையன் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. குடிக்கிறான் என்றால் அவருக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவாக இருக்கலாம், உட்சுவர் வறண்டிருக்கலாம், சும்மா உரசினாலே எரியலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் படம்.

நேர்த்தியான கை. செக்‌ஷன் வியூ போட்டு, சென்டர் லைன் இழுத்து, உள்விட்டம்கூடக் குறித்திருக்கிறீர்கள். வாயிலிருந்து 50 மில்லிமீட்டர், பிளஸ் ஆர் மைனஸ் 5 என்று அம்புக்குறி போட்டு, முனையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் "ஜி". 30 வருஷத்துக்கு மேலாகப் பெண்களைப் பரிசோதித்துவரும் நான், அந்த அம்புமுனையில் பாக்கு மாதிரி எதையும் தொட்டதில்லை. தொட்ட ஓரிரு முறையும் அது சிறுநீர்க்குழாயை ஒட்டி வந்த நீர்க்கட்டி. அவர்களை யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீரியல் மருத்துவர்) அனுப்பிவைத்தேன். எல்லாப் பெண்களுக்கும் ஒரே இடத்தில், தனி உறுப்பாக, அழுத்தினால் வேலை செய்யும் பொத்தானாக ஜி ஸ்பாட் என்று ஒன்று கிடையாது. ஆனால் அந்த முன்சுவர்ப் பகுதி பல பெண்களுக்கு நன்றாகவே உணர்ச்சி தரும். அது பொய்யல்ல. நெட்டில் இரண்டு கோஷ்டியும் அடித்துக்கொள்வது இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான்.

உங்கள் படத்தில் முதல் தப்பு அந்த உள்விட்டம். வெஜைனா ஒரு பைப் கிடையாது. காலித் துணிப்பை மாதிரி, முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக் கிடக்கும். இரண்டாவது, முன்சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் வெற்றிடம் விட்டிருக்கிறீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. சுவரை ஒட்டி மேலே சிறுநீர்க்குழாய் ஓடுகிறது. அதைச் சுற்றிப் பஞ்சு மாதிரி, ரத்தக்குழாய் நிறைந்த திசு. அதற்குள் ஸ்கீன் சுரப்பிகள். அமெரிக்காவில் பணியாற்றிய அலெக்ஸாண்டர் ஸ்கீன் என்ற மருத்துவர் 1880ல் இவற்றை விவரித்தார். ஆணுக்குப் புராஸ்டேட் எப்படியோ, பெண்ணுக்கு இவை அப்படி. புராஸ்டேட்டில் சுரக்கும் பி.எஸ்.ஏ. புரதம் இவற்றிலும் சுரக்கிறது.

பிறகு கிளிட்டோரிஸ். வெளியே பட்டாணி அளவில் தெரிகிறதே, அதுதான் முழு உறுப்பு என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். நான் எம்.பி.பி.எஸ். படித்தபோது எங்கள் புத்தகப் படத்திலும் ஒரு சின்ன மேடு, ஒரு கோடு, ஒரு பெயர், அவ்வளவுதான். ஆணுறுப்புக்குப் பக்கம் பக்கமாகப் படம் இருந்தது. உண்மையில் கிளிட்டோரிஸின் பெரும்பகுதி உள்ளேதான் இருக்கிறது. உண்டிவில் கவட்டை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். கைப்பிடி நுனி வெளியே தெரிகிற பகுதி. இரண்டு கிளைகளும் இடுப்பெலும்பை ஒட்டிப் பின்னோக்கிப் போகின்றன. அவற்றுக்கு நடுவே இன்னும் இரண்டு குமிழ் மாதிரியான பகுதிகள், சிறுநீர்க்குழாயையும் வெஜைனாவையும் இருபக்கமும் அணைத்தபடி. எல்லாம் சேர்த்து 9, 10 சென்டிமீட்டர் வரும். ஜெர்மனியில் கோபெல்ட் என்ற உடற்கூறியலாளர் 1844லேயே இதைச் சரியாக வரைந்துவைத்தார். பிறகு மருத்துவ உலகம் அதை மறந்துபோனது. 1998ல் மெல்போர்னின் ஹெலன் ஓ'கானல் என்ற யூராலஜி சர்ஜன் மறுபடி அறுத்துப் பார்த்து, பாடப்புத்தகத்தில் இருப்பது தப்பு என்று எழுத வேண்டியிருந்தது. நிலாவில் மனிதன் கால் வைத்து 29 வருஷம் கழித்து!

2016ல் பிரான்ஸில் ஒடீல் ஃபியோ என்ற ஆய்வாளர் இந்த முழு உறுப்பையும் அச்சு அசலாக ஒரு 3டி மாடல் செய்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். உங்கள் வட்டாரத்தில் 3டி பிரின்டர் இல்லாத ஷெட் இருக்காது. ஒன்று அடித்துக் கையில் பிடித்துப் பாருங்கள், நான் எழுதுவதைவிடச் சீக்கிரம் விளங்கும்.

ஆக, முன்சுவரில் விரல் அழுத்தும்போது அங்கே அழுந்துவது ஒரு புள்ளி இல்லை. சுவர், அதன் பின்னால் சிறுநீர்க்குழாய், சுரப்பி, கிளிட்டோரிஸின் உள்பகுதி எல்லாம் கூட்டாக அழுந்துகின்றன. இத்தாலியின் எம்மானுவேல் ஜன்னினி குழுவினர் 2014ல் இதற்குக் கிளிட்டோரிஸ், சிறுநீர்க்குழாய், வெஜைனா மூன்றின் பெயரையும் ஒட்டவைத்து நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். வாயில் நுழையாது, ஆனால் சரியான பெயர். இந்தத் திசுவெல்லாம் ரத்தம் ஏறினால் விம்முபவை. கிளர்ச்சி இல்லாதபோது தட்டையாகக் கிடப்பது, கிளர்ச்சி ஏறிய பிறகு உப்பித் தடித்து நிற்கும். மெஷின் வார்ம் அப் ஆகுமுன் முதல் பீஸை அளந்துவிட்டு ஆஃப்செட் (வெட்டும் அளவு) மாற்றுவீர்களா? (பெண்ணை மெஷினோடு ஒப்பிட்டதற்கு உங்கள் வீட்டுக்காரம்மா என்னை மன்னிக்கட்டும்.) அவருக்கு இன்னும் எந்தக் கிளர்ச்சியும் ஏறாத நேரத்தில் விரலைவிட்டு 50 மில்லிமீட்டரில் தேடினால் கிடைப்பது சிறுநீர்க்குழாய்தான். அதை அழுத்தினால் ஒன்றுக்கு வருவதுபோல் இருக்காமல் வேறு எப்படி இருக்கும்? அவர் உடம்பு மிகச் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறது.

இந்த "ஜி" எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். இதில் நம் ஊர் சம்பந்தமும் உண்டு.

எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க் பெர்லினில் பேர்பெற்ற மகப்பேறு மருத்துவர், யூதர். இன்று காப்பர் டி போடுகிறோமே, அந்த வரிசையில் முன்னோடியான கருப்பை வளையத்தை 1920களில் உருவாக்கியவர் அவர். நாஜிகள் 1937ல் அவரைச் சிறையில் போட்டார்கள். குடும்பக்கட்டுப்பாட்டு இயக்கத்தின் மார்கரெட் சாங்கர் போன்றவர்கள் பாடுபட்டு மீட்டார்கள். 1940ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்து நியூயார்க்கில் தொழில் பார்த்தார். அவர் 1950ல் எழுதிய நாலு பக்கக் கட்டுரைதான் எல்லாவற்றுக்கும் மூலம். பெண்ணின் உச்சக்கட்டத்தில் சிறுநீர்க்குழாயின் பங்கு என்ன என்பது பொருள். அது வெளியானது எந்தப் பத்திரிகையில் தெரியுமா? பம்பாயிலிருந்து ஏ. பி. பிள்ளை என்ற மருத்துவர் ஆசிரியராக இருந்து நடத்திய சர்வதேசப் பாலியல் ஆய்விதழில். ஜி ஸ்பாட் முதலில் அச்சேறியது இந்தியாவில்தான் என்று நான் கருத்தரங்குகளில் சொன்னால் இளம் டாக்டர்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

அந்தக் கட்டுரையில் "ஸ்பாட்" பற்றி அவர் சொன்னது என்ன என்பதுதான் வேடிக்கை. முன்சுவரில், சிறுநீர்க்குழாய் போகும் பாதை நெடுக, உணர்ச்சி மிகுந்த ஒரு பகுதி இருக்கிறது, கிளர்ச்சியில் அது விம்முகிறது என்று எழுதினார். பாதை நெடுக! பாக்கு என்றோ பொத்தான் என்றோ அவர் எழுதவில்லை. அதே கட்டுரையில், பெண்ணுடம்பில் பாலுணர்ச்சி தராத பகுதி இல்லை என்றே கிட்டத்தட்டச் சொல்லலாம், அவரவர் துணைதான் கண்டுகொள்ள வேண்டும் என்ற பொருளிலும் எழுதியிருக்கிறார். 1957ல் காலமானார். தன் பெயரின் முதல் எழுத்தை உலகமே படுக்கையறையில் தேடும் என்று அவருக்குத் தெரியாது.

பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவின் ஜான் பெர்ரி, பெவர்லி விப்பிள் குழுவினர். 1981ல் ஓர் ஆய்வறிக்கையில். அந்த அறிக்கை எத்தனை பெண்களைப் பற்றியது? ஒரே ஒருவர். அடுத்த வருஷமே அவர்கள் எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. கிராஃபென்பெர்க் "பகுதி" என்றதை இவர்கள் "ஸ்பாட்" ஆக்கிவிட்டார்கள். அந்த ஒரு சொல்தான் தம்பி, உங்களை அம்புக்குறி போட வைத்தது. பரப்பு என்று கேள்விப்பட்டிருந்தால் நீங்கள் இப்படித் தோண்டியிருக்கமாட்டீர்கள்.

அப்புறம் தொடங்கியது சண்டை. 2001ல் டெரன்ஸ் ஹைன்ஸ் என்பவர், இது மகப்பேறு மருத்துவத்தின் நவீனக் கட்டுக்கதை, ஆதாரம் மிக மெலிவு என்று எழுதினார். இத்தாலியில் 2008ல் 20 பெண்களை ஸ்கேன் செய்து, உறவில் மட்டுமே உச்சம் அடைபவர்களுக்குச் சிறுநீர்க்குழாய்க்கும் வெஜைனாவுக்கும் நடுவிலுள்ள திசு தடிமனாக இருக்கிறது என்றார்கள். 20 பேர் ரொம்பக் குறைவு. 2010ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இரட்டையராகப் பிறந்த பெண்கள் 1,804 பேரிடம் கேட்டார்கள். 56 சதவீதம் பேர் எங்களுக்கு இருக்கிறது என்றார்கள். உருவமொத்த இரட்டையரின் பதில்கள் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகவில்லை, ஆகவே உடலில் அப்படி ஒரு உறுப்பு இருக்காது என்பது அவர்கள் முடிவு. எனக்கு அந்த ஆய்வு அரைகுறையாகத்தான் படுகிறது. கேள்வித்தாள் கொடுத்தார்களே தவிர ஒருவரையும் பரிசோதிக்கவில்லை. அக்காவுக்கு வாய்த்த புருஷன் வேறு, தங்கைக்கு வாய்த்தவன் வேறு. பதில் எப்படி ஒத்துப்போகும்?

2012ல் இன்னொரு பரபரப்பு. ஆடம் ஆஸ்ட்ரென்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் வார்சாவில் 83 வயதில் இறந்த ஒரு மூதாட்டியின் உடலை அறுத்து, 8.1 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சின்னப் பை மாதிரி இருக்கிறது, இதுதான் ஜி ஸ்பாட் என்று அறிவித்தார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஒரே உடல்! அந்தப் பாட்டிக்கு உயிரோடிருந்தபோது அந்த இடத்தில் உணர்ச்சி இருந்ததா என்று யாரைக் கேட்பது? அவர் அழகியல் மகப்பேறு அறுவை சிகிச்சை செய்பவர் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். 2017ல் ஓ'கானல் குழுவினர் 13 பெண்களின் உடல்களை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அறுத்துப் பார்த்தார்கள். பாக்கும் இல்லை, பையும் இல்லை. முன்சுவர், சிறுநீர்க்குழாய், கிளிட்டோரிஸ்தான் இருந்தன. 2021ல் அதுவரை வந்த 31 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசிய ஒரு கட்டுரையும், தனி உறுப்பு என்று நிரூபணமாகவில்லை என்றே முடித்தது. அதே கட்டுரையில், சர்வேக்களில் பதில் சொன்ன பெண்களில் 62.9 சதவீதம் பேர் தங்களுக்கு அது இருப்பதாகச் சொன்னதும் இருக்கிறது. பெண்கள் உணர்வதைச் சொல்கிறார்கள், கத்தி தனி உறுப்பைத் தேடுகிறது. நான் சொன்ன கூட்டமைப்பை வைத்துப் பார்த்தால் இரண்டிலும் முரண் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது மரி போனபார்ட் என்ற அம்மையாரைத்தான். நெப்போலியனின் தம்பி வழியில் வந்தவர், கிரேக்க இளவரசரை மணந்தவர், பணத்துக்குக் குறைவில்லை. கணவரோடு உறவில் உச்சம் வருவதில்லை என்பது அவர் துயரம். காரணம் உடற்கூறில் இருக்கிறது என்று முடிவுகட்டி, உங்களை மாதிரியே அளவுகோலை எடுத்தார். பாரிஸில் 200க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, கிளிட்டோரிஸிலிருந்து சிறுநீர்த்துவாரம் வரை எத்தனை தூரம் என்று அளந்த கணக்கை 1924ல் நர்ஜானி என்ற புனைபெயரில் வெளியிட்டார். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் உறவில் உச்சம் வருவது அரிது என்பது அவர் கணக்கு. அவருடைய அளவு அதற்கு மேல். வியன்னாவில் ஹால்பன் என்ற சர்ஜனைப் பிடித்து, 1927ல் தன் கிளிட்டோரிஸைக் கொஞ்சம் கீழே இறக்கிவைத்து ஆபரேஷன் செய்துகொண்டார். பலனில்லை. மறுபடி செய்தார். மூன்றாவது முறையும் செய்தார். கிடைத்தது தழும்பு.

இத்தனைக்கும் அவர் சிக்மண்ட் ஃபிராய்டின் நெருங்கிய சிஷ்யை. ஃபிராய்டுதான் 1905ல், சிறுமிக்கு உணர்ச்சி கிளிட்டோரிஸில் இருக்கும், பெண்ணாக முதிர்ந்தால் அது வெஜைனாவுக்கு மாறிவிட வேண்டும் என்று எழுதிவைத்தவர். மாறாதவள் முதிராதவள்! எந்தப் பரிசோதனையும் இல்லாமல் எழுதிய அந்த ஒரு கருத்தால் இரண்டு மூன்று தலைமுறைப் பெண்கள் தங்களிடம் ஏதோ கோளாறு என்று நம்பினார்கள். வீடியோவில் வருபவர் ஃபிராய்டைப் படித்திருக்கமாட்டார். ஆனால் "உள்ளே தொட்டால்தான் உண்மையான உச்சம்" என்று அவர் சொல்வது அதே பழைய சரக்குதான்.

போனபார்ட் அளந்தது வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய பழைய எண்களை 2011ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோது, தூரம் குறைவாக உள்ளவர்களுக்கு உறவில் மட்டுமே உச்சம் வர வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள் அமைப்பு வேறு. உயரம் குறைந்தவரை நோயாளி என்போமா? அந்த மாதிரிதான் இதுவும். 2018ல் அமெரிக்காவில் 1,055 பெண்களிடம் கேட்ட ஓர் ஆய்வில், உறவு மட்டுமே போதும், அதிலேயே உச்சம் வந்துவிடும் என்றவர்கள் 18.4 சதவீதம். ஐந்தில் ஒருத்திகூட இல்லை! சுமார் 37 சதவீதம் பேர் கிளிட்டோரிஸைத் தூண்டாமல் வரவே வராது என்றார்கள். உங்கள் மனைவிக்கு எதுவும் குறையவில்லை. அவர் பெரும்பான்மைக் கட்சி.

அந்த ஊசி. வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் ஹைலூரானிக் ஆசிட், உதட்டைத் தடிப்பாக்கப் போடும் அதே சரக்கு. இல்லாத பொத்தானைப் பெரிதாக்க 45 ஆயிரம் கேட்கிறார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2007லேயே, ஜி ஸ்பாட்டைப் பெரிதாக்குவது உள்ளிட்ட இந்த மாதிரிச் சிகிச்சைகளுக்கு மருத்துவத் தேவை இல்லை, பாதுகாப்புக்கோ பலனுக்கோ ஆதாரம் இல்லை என்று எச்சரித்தது. தொற்று, தழும்பு, உறவில் வலி, இருக்கிற உணர்ச்சியும் மரத்துப்போவது எல்லாம் நடக்கலாம். இந்தப் பகுதியில் ரத்தக்குழாய் அதிகம். வெஜைனாவில் ஊசியால் போட்ட இந்த மாதிரி ஃபில்லர் (தடிப்பாக்கும் மருந்து) ரத்தத்தில் கலந்து நுரையீரலில் அடைத்து உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நம் நாட்டில், பாலின்பத்தைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். விளம்பரம் நிற்கவில்லை என்பது வேறு கதை.

சரி, என்னதான் செய்வது என்பீர்கள். முதலில் அந்த விசாரணையை நிறுத்துங்கள். "வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எந்தப் பெண்ணும் "நல்லாத்தானுங்க இருக்குது" என்றுதான் சொல்வாள், கேள்வியை முடித்துவைக்க. எது பிடிக்கிறது என்று கேளுங்கள். அதையும் படுக்கையில் வைத்து வேண்டாம். பையனைத் தூங்கவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள். நேரம் கொடுங்கள். கிளிட்டோரிஸை ஓரங்கட்டிவிட்டு உள்ளே ஓடாதீர்கள், முக்கால்வாசிப் பேருக்கு வாசலே அதுதான். நேரடியாகத் தொட்டால் சிலருக்குக் கூசும், சுற்றியுள்ள பகுதி போதும். அவர் கையை உங்கள் கைமேல் வைத்து அவரே வழிகாட்டட்டும். அழுத்தம், வேகம் எல்லாம் அவர் கணக்கு. முன்சுவரும் ஒரு நாள் அவருக்குப் பிடித்துப்போகலாம். கிளர்ச்சி நன்றாக ஏறிய பிறகு, சிறுநீர் கழித்துவிட்டு வந்திருந்தால், அந்த ஒன்றுக்கு வரும் உணர்வு மாறுவதாகச் சிலர் சொல்கிறார்கள். பிடிக்காமலே போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. வறட்சி இருந்தால் நீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் வாங்குங்கள், தேங்காயெண்ணெய் வேண்டாம், ஆணுறை பயன்படுத்தினால் கிழிந்துவிடும்.

இன்னொன்று. இரண்டு வயதுப் பையன் பக்கத்தில் புரண்டு படுக்கும்போது, எந்த நேரத்தில் எழுந்துவிடுவானோ என்று ஒரு காதை அவன் பக்கமே வைத்திருக்கும் தாய்க்கு உச்சக்கட்டம் எங்கிருந்து வரும்? என்னிடம் வரும் தம்பதிகளில் கணிசமானவர்களுக்கு நான் மருந்தே எழுதுவதில்லை, குழந்தைக்குத் தனிக் கட்டில் போடச் சொல்கிறேன். ஊசிக்கு வைத்திருக்கும் காசில் கட்டில் வாங்கிக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் போட்டுவிடலாம். உறவின்போது வலி இருந்தாலோ, அவருக்கு எதிலுமே நாட்டமில்லாமல் போயிருந்தாலோ, தைராய்டு, ரத்தசோகை, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதற்கு நேரில் வந்தால்தான் ஆகும்.

பதிலை அவரிடம் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. இந்தப் பத்தி அவருக்குத்தான்: அம்மணி, உங்களுக்குள் இல்லாமல் போனது எதுவும் கிடையாது. ஒன்றுக்கு வருவதுபோல் இருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்களே, இந்த ஆறு மாதத்தில் அந்த உடம்பைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் சொன்ன ஒரே சரியான தகவல் அதுதான். இனிமேல் எரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், இரண்டு நாள் பொறுத்துக்கொள்ள வேண்டாம். பிடிக்காத இடத்தில் அவர் கையைப் பிடித்து நகர்த்திவைப்பது மரியாதைக் குறைவு கிடையாது. அவர் அளவு தெரியாமல் திண்டாடும் ஆள், அதட்டும் ஆளாகத் தெரியவில்லை.

கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகுவலி வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.